அந்தக் காலத்து அர்த்தம்

"உங்களைப் பத்தி ஒரே வார்த்தையில சொல்லணும்னா, எக்ரீஜியஸ்!"

பெண் கேட்டு வந்திருந்த மாட்டு டாக்டர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி புன்னகைத்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற மகளுக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

"அப்பா! அதுக்குப் படுமோசம்னு அர்த்தம்!"

"அது இன்னைக்கு அர்த்தம்மா. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ரொம்ப உசத்தின்னு அர்த்தம். மந்தையிலேர்ந்து தனிச்சு நிக்கறவன்னு லத்தீன்ல வேர். நான் அந்தக் காலத்து அர்த்தத்துலதான் சொன்னேன்."

ஆங்கில அகராதி தொகுப்பது அவர் வேலை. தெருவில் எல்லோரும் அவரையே 'அகராதி' என்றுதான் சொல்வார்கள். வேலையை வைத்து வந்த பெயரா, குணத்தை வைத்து வந்த பெயரா என்பதை அவர் மனைவியே இதுவரை உறுதியாகச் சொன்னதில்லை.

டாக்டரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொல்லி மாதக்கணக்கில் ஆகிறது. அப்பா வாயால் சரி என்று வராமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். அந்த வாய் "பார்க்கலாம்" என்பதைத் தாண்டவே இல்லை. இன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மந்தையை விட்டுத் தனியா நின்னா, எங்க தொழில்ல அது சீக்கு மாடு சார்" என்றார் டாக்டர்.

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. அகராதி சிரிக்கவில்லை.

"தம்பி, நீங்க சில்லி."

"மிளகாயா சார்?"

"இது வேற சில்லி."

"அப்பா! அசடுன்னு சொல்றீங்களா?"

"அசடுங்கறதெல்லாம் பின்னாடி வந்தது. அந்தக் காலத்துல அதுக்குப் பாக்கியசாலின்னு அர்த்தம். கடவுளோட ஆசி பெத்தவன். ஏன், தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? நாற்றம்னாலே முன்னாடி நறுமணம்தான்." சொல்லிவிட்டு மூக்கை லேசாக உறிஞ்சினார்.

டாக்டர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். வரும் வழியில் ஒரு பிரசவம். கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்து படாதபாடு படுத்திவிட்டது.

"நெஜம்மாவே வார்த்தைங்க இப்படித் தலைகீழா மாறுமா சார்?"

"நம்பிக்கை இல்லேன்னா நீங்களே பாருங்க." தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து டாக்டரின் மடியில் வைத்தார் அகராதி. "எந்த வார்த்தைக்கு எந்தக் காலத்துல என்ன அர்த்தம்னு வரிசையா போட்டிருக்கும்."

இந்தப் புத்தகம் மடிக்கு வந்ததும் அவசர வேலை நினைவுக்கு வந்து எழுந்து ஓடியவர்கள் பலர். டாக்டர் ஓடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்ட ஆரம்பித்தார். நடுநடுவே "அட!" என்றார். காபி ஆறியது.

அம்மா கணவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏங்க, வீட்டுக்கு வந்த பிள்ளையை இப்படியா திட்டறது?"

"திட்டலையே. பாராட்டினேன்."

"உங்க பாராட்டு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்!"

அவர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"கிளம்பறேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். நீங்க ரொம்ப நைஸ்."

மகள் அப்பாடா என்று மூச்சுவிட்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அகராதி மட்டும் அசையாமல் நின்றார்.

"தம்பி... எந்தக் காலத்து அர்த்தத்துல சொல்றீங்க?"

"என்னப்பா நீங்க, நைஸ்னா நல்லவர்னுதானே?" என்றாள் மகள்.

"அது இன்னைக்கும்மா. அந்தக் காலத்துல நைஸ்னா, ஒண்ணும் தெரியாத முட்டாள்."

"நீங்க என்னைச் சொன்னீங்களே, அதே காலத்து அர்த்தம்தான் சார்" என்றார் டாக்டர் பணிவாக. "ஒருவேளை நீங்க இன்னைக்கு அர்த்தத்துல சொல்லியிருந்தா, நானும் இன்னைக்கு அர்த்தத்துலதான் சொன்னேன்."

அகராதி மோவாயைத் தடவினார். தான் முட்டாள் இல்லை என்றால், பெண் கேட்டு வந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டியதாக ஆகும். திட்டவில்லை, பாராட்டத்தான் செய்தேன் என்றால் முட்டாள். மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடா வேற காபி கொண்டா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்துச் சோபாவுக்கு இழுத்தார் அகராதி.

"நான் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன். உட்காருங்க மாப்பிள்ளை!"