மாப்பிள்ளை வீடு

“சொல்லிட்டேன், கை நனைக்கிற பேச்சே கெடையாது. வீட்டப் பாக்குறோம், கெளம்புறோம்.”

காரிலிருந்து இறங்கும்போதே அய்யாக்கண்ணு மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். புவனேஸ்வரியின் பார்வை அந்த ஓட்டு வீட்டு வாசலை விட்டு நகரவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்காமல் பெண் கொடுத்த வழக்கம் அய்யாக்கண்ணு வம்சத்தில் இல்லை. வீடும் மனிதர்களும் பிடித்துப்போனால் அங்கேயே சாப்பிட்டுக் கை நனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். அரிமளத்தில் நாலு தலைமுறையாக இப்படித்தான்.

“வாங்க, வாங்க” என்று பையனின் தாய் பொன்னுத்தாய் கும்பிட்டாள். பையன் செம்மல் நாற்காலிகளை இழுத்துப் போட்டான். கீரமங்கலத்தில் ஒரு பூக்கடையில் எடை போடும் வேலை அவனுக்கு.

“உக்காருங்க மாமா.”

“மாமாவா? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு தம்பி.”

அய்யாக்கண்ணு உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தார். கூட வந்திருந்த மைத்துனர் நாகராசு முதல் ஆளாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நல்லாப் பாருங்க மச்சான். செவுத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துருங்க.”

ஜன்னலில் பழைய சுங்கடிச் சேலை திரையாகத் தொங்கியது. கிழிந்த இடங்களில் வேறு துணியில் வெட்டிய பூக்களை வைத்துத் தைத்திருந்தார்கள். வாய் உடைந்த பானைக்குச் சுண்ணாம்பு அடித்து, அதில் பத்துமணிப்பூச் செடி. கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக் கோத்த தோரணம் நிலைப்படியில் சலசலத்தது.

“புதுசா ஒண்ணும் வாங்குறதில்லையோ?” என்றார் அய்யாக்கண்ணு.

“வாங்குற அளவுக்கு வருமானம் இல்லைங்க” என்றாள் பொன்னுத்தாய். “அதுக்காக வெறுஞ்செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

அய்யாக்கண்ணு வீட்டு ஹாலில் தேக்கு சோபா கிடந்தது. அதன் பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வந்து உட்காரவும் ஆள் இல்லை. இந்த நேரத்தில் அது எதற்கு ஞாபகம் வருகிறது என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

நடு வீட்டில் ஒரு பழைய ஆட்டுக்கல். அதன் குழியில் தண்ணீர் நிரப்பி, செண்டிப்பூவும் சம்பங்கியும் மிதக்க விட்டிருந்தார்கள்.

“தெனமும் இம்புட்டுப் பூவா? வெலைக்கு வாங்குறதா?”

“இல்லங்க. வெல விழுந்த அன்னைக்கு, மிஞ்சுன பூவக் கொட்டிருவாக. நான் ஒரு பையில அள்ளிக்கிட்டு வந்துருவேன்.”

“கொட்டுற பூ.”

“கொட்டுனாலும் வாடுறவரைக்கும் பூதானேங்க.”

நாகராசு சிரித்துவிட்டு மச்சானின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அது சரி, ஆட்டுக்கல்லக் கொண்டாந்து நடு வீட்டுலயா போடுவாக? நடக்குற வழியில?” என்றார் அய்யாக்கண்ணு.

செம்மல் தாயைப் பார்த்தான். தாய் தரையைப் பார்த்தாள். புவனேஸ்வரி சேலைத் தலைப்பைக் கசக்கினாள்.

“அந்த எடத்துல ஓடு ஒழுகுதுங்க” என்றான் செம்மல்.

“ஒழுகுற வீடா?” அய்யாக்கண்ணுவின் குரல் உயர்ந்தது. இதற்காகத்தானே அவர் காத்திருந்தார். “எம் பொண்ணு ஒழுகுற வீட்டுலயா குடும்பம் நடத்தணும்?”

“மழை பேஞ்சா சரியா அந்தக் குழியிலதான் சொட்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் பூவெல்லாம் துள்ளும். எல்லாரும் சுத்தி உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருப்போம். வீட்டு ஓனரு போன மாசம் ஓடு மாத்த ஆள் அனுப்புனாரு. மழைக்காலம் முடியட்டும்னு திருப்பி அனுப்பியாச்சு.”

“திருப்பி அனுப்புனது யாரு?”

செம்மல் சமையலறைப் பக்கம் திரும்பினான். அங்கே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அடங்கியது.

அய்யாக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றார். கஷ்டத்தை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு எது, மனசு நிறைந்து சிரிக்கிற சிரிப்பு எது என்று இந்த வயசில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் மிதக்கும் பூக்களைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் விரித்திருந்த பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எலையப் போடச் சொல்லுங்க.”

புவனேஸ்வரி சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மச்சான், அப்ப பேசி முடிச்சிரலாமா?” என்றார் நாகராசு.

“எதுவும் மொறைப்படி நடக்கணும். மாப்பிள்ளை வீட்டுல கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்.”

பொன்னுத்தாய் முன்னால் வந்து கை கூப்பினாள். “ஒங்க பொண்ண எங்க வீட்டுக்கு மருமகளாக் குடுக்கச் சம்மதமுங்களா?”

“சம்மதம். மொறையாப் பாத்தோம், மொறையாக் குடுக்குறோம்.”

சமையலறைத் திரை விலகியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, இதே வீட்டில் செம்மல் கையால் தாலி கட்டிக்கொண்ட இனியா, இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்து அப்பாவுக்கு இலை போட்டாள்.