உள்ளங்கைச் சூடு

ஆற்றில் அந்த மீன் அற்றுப்போய்விட்டது. தொட்டியில் மிஞ்சியது ஒரு பெண்மீன். திரவ நைட்ரஜன் கலனில் மிஞ்சியது ஆண்மீனின் விந்து அடைத்த ஒரே குழல். அதை உறையவைத்தவர், அந்த ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்த்த அவள் கணவர், போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். முந்தைய குழல்களை வெதுவெதுப்பான நீரில் உருக்காமல் கைக்குள் பொத்தி உருக்குவது அவர் வழக்கம்.

"செத்துடும்ங்க அது!" என்று தலைபாடாய் அடித்துக்கொள்வாள்.

"என் சூடு அதுக்குத் தெரியும்டி."

இன்று முட்டைகள் கிண்ணத்தில் காத்திருந்தன. கலனுக்குள்ளிருந்து இடுக்கியால் குழலை எடுத்தாள். அதில் பனியே இல்லை. தொட்டால் இளஞ்சூடு. நுண்ணோக்கியில் பார்த்தாள், அத்தனையும் உயிரோடு நீந்தின. முட்டைகளோடு கலந்தாள்.

"கலனை மூடிடவாக்கா?" என்றாள் உதவிக்கு நின்ற பெண்.

"கொஞ்சம் திறந்திருக்கட்டும்மா. அவருக்குக் கை விறைச்சிருக்கும்."