ராணியை எடுத்த பிறகு

இடுக்கியின் நுனியில் ராணி துடித்தது.

அவள் அதைக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டுப் பஞ்சால் அடைத்தாள். மணி ஒன்பது பத்து. நோட்டில் குறித்தாள்.

ஜன்னல் விளிம்பில் கூடு அப்படியே தொங்கியது. இன்னும் முப்பது குளவிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் வைத்த பெயின்ட் பொட்டு. எல்லாம் பெண். எல்லாவற்றாலும் முட்டையிட முடியும். இடுவது ஒன்றுதான். மற்றவை அதன் பிள்ளைகளுக்கு இரை தேடிப் போட்டே காலத்தை ஓட்டிவிடும்.

ராணி போனால் அந்த இடத்துக்கு எது வரும்?

மூன்று வருடமாக அவளுடைய ஆராய்ச்சியே இந்த ஒரு கேள்விதான். வயதை வைத்துப் பார்த்தாள். உடம்பை வைத்துப் பார்த்தாள். சண்டைக் குணத்தை வைத்தும் பார்த்தாள். ஒவ்வொரு கூட்டிலும் ராணியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பெயரை எழுதி வைப்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். இந்தக் கூட்டில் நீலப் பொட்டு என்று எழுதியிருந்தாள்.

ஒன்பது நாற்பதுக்கு வெள்ளைப் பொட்டு எழுந்தது.

எந்த வம்புக்கும் போகாமல் மூலையில் கிடந்தது அது. இப்போது மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடிக்க ஆரம்பித்தது. ஒன்றுகூட எதிர்க்கவில்லை. நீலம் ஒதுங்கி வழிவிட்டது.

கூட்டில் அத்தனைக்கும் முன்பே தெரியும் போல. தெரியாதது, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும்தான்.

அக்கா போய் நாற்பத்தொரு நாள்.

பிரசவத்தில் போனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அக்கா போனால் தங்கை. அவர்கள் சொந்தத்தில் இதைப் பெண்ணிடம் கேட்கிற வழக்கம்கூடக் கிடையாது. ஆனால் இது அந்தக் காலமா என்ன? அத்தானுக்கு மாமன் மகள் ஒருத்தி இருக்கிறாள், டீச்சர் வேலை. அவளைத்தான் பேசி முடிப்பார்கள் என்று இவள் பாட்டுக்கு நினைத்திருந்தாள்.

கருமாதி அன்று, ஒரு நாளும் இவளை ஏறிட்டுப் பார்க்காத பெரியப்பா, இவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அத்தானுடைய அம்மா முதல் பந்தியில் உட்கார வைத்தாள். மாமன் மகள் குழந்தையைக் கொண்டுவந்து இவள் மடியில் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

எல்லாம் துக்கத்தில் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். படித்த முட்டாள்.

அத்தானுக்கு இவள்தான் என்று போன வாரம் தம்பி போனில் வாய் தவறிச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அத்தான் நல்லவர். அதுதான் பெரிய கொடுமை. திட்டித் தீர்க்கக்கூட ஆள் இல்லை.

அன்றிலிருந்து பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முடியாதும்மா. எனக்கு அத்தான் அத்தான்தான். இன்னும் எட்டு மாசத்தில் தீசிஸ் முடிக்கணும். என்னை விட்டுடுங்க.

கேட்டால் சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லை.

போன் அடித்தது. அம்மா.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நோட்டை மூடி வைத்தாள்.

“அக்கா ரவிக்கை எல்லாத்தையும் உன் அளவுக்குப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்டி. கை மட்டும் கொஞ்சம் லூசா நிக்கும். வந்து போட்டுப் பாத்துச் சொல்லு.”

அம்மாவின் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்தவளின் குரல் அது.

போனில் கேட்டுக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. அம்மா காத்திருந்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. அந்தப் பக்கம் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

“பாப்பா பால் குடிச்சாளாம்மா?”

“இப்பத்தான் குடிச்சா” என்றாள் அம்மா.

தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.