பிறந்த மாவட்டம்

தர்மபுரி மாதிரி பின்தங்கிய மாவட்டத்தில் பிறக்கும் பிள்ளைக்கே கல்லூரியிலும் வேலையிலும் முதலிடம் என்று சட்டம் வந்த அன்று, மாதேஷ் தெரு முழுக்க லட்டு கொடுத்தான். இன்று அவன் மனைவி தீர்த்தா இடுப்பு வலியோடு போய் நின்றபோது, தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. மாசமானதுமே வந்து இடம்பிடித்த வெளியூர்ப் பெண்கள் வார்டு நிறையப் படுத்திருந்தார்கள்.

"புள்ள குறுக்க கெடக்கு, ஆபரேஷன்தான். சீக்கிரம் சேலம் போங்க," என்றாள் நர்ஸ்.

தொப்பூர் தாண்டி, சேலம் மாவட்ட எல்லைப் பலகை தெரிந்ததும் மாதேஷ் இரவல் வாங்கிய வேனை ஓரங்கட்டினான்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"இதத் தாண்டிட்டா சேலத்துப் புள்ளயாயிடும், தீர்த்தா. அப்புறம் அதுவும் என்னாட்டம் குவாரியிலதான் கல்லு ஒடைக்கணும். இந்தப் பக்கமே எதுனா கிளினிக் இருக்குமான்னு..."

காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது அசையவில்லை. தீர்த்தா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எந்த ஊருப் புள்ளயானாலும் எனக்கு உசுரோட வேணும். வண்டிய எடுங்க."

அவன் பலகையைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் தீர்த்தாவின் வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். "துடிப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டு வார்டுக் கதவைத் திறந்தாள். வரிசையாகக் கட்டில்கள், ஒன்றிலும் ஆளில்லை.

"எதுல வேணும்னாலும் படும்மா. எங்க ஊருப் பொம்பளைங்க எல்லாம் தர்மபுரிக்குப் போயிட்டாங்க."