ஆம் என்று அழுத்திய பிறகு

மதிய வெயில் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையின் இன்டர்நெட் சென்டரில் ஸ்டெபி தனியாக உட்கார்ந்து, மனநல ஆலோசகராகப் பதிவு பெற விண்ணப்பம் நிரப்புகிறாள். 'நீதிமன்றத்தில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா?' என்ற கேள்வியில் அவள் கை நிற்கிறது. "எல்லாரும் இல்லன்னுதான் போடுதாங்க. நீயும் போடும்மா, யாரு தோண்டப் போறா?" என்கிறார் கடைக்கார எஸ்றா அண்ணாச்சி. பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஆறுமுகநேரி உப்பளச் சாலையில், உப்பின் வெளிச்சத்தில் கண் கூசியபோது, அவள் ஸ்கூட்டர் மோதி ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள், தண்டனையும் பெற்றாள். அவர் பெயரை மட்டும் அதன்பின் சொன்னதே இல்லை. 'ஆம்' என்றால் பதிவு கிடைக்காமலே போகலாம். ஆனாலும் 'ஆம்' என்று அழுத்துகிறாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போகிறது. மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்கிறது. யுபிஎஸ் விட்டு விட்டுக் கீச்சிட, திரை மட்டும் நீலமாக எரிகிறது. விவரம் கேட்கும் கட்டத்தில் இறந்தவரின் பெயரை ஆங்கிலத்தில், ஒரே ஒரு 'என்' எழுத்து வைத்து, அடிக்கிறாள்: பொன்னையா. நாற்காலிக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நிற்கிறது. எஸ்றா அண்ணாச்சி கண் கொட்டாமல் திரையையே பார்க்கிறார். "பேருல ரெண்டு 'என்' வரணும்மா," என்கிறார் மெதுவாக. "எங்க அண்ணன் அப்படித்தான் எழுதுவான்."