அழுகை: உண்டு / இல்லை

“அழுகை இருந்துச்சாம்மா?”

அவள் நிமிர்ந்தாள்.

விடியுமுன் ஏறிய பேருந்து இன்னும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் வரைந்திருந்த நீல மீன்கள் மெல்ல அசைவதாகத் தோன்றியது. கேள்வியும் தண்ணீருக்கு அடியிலிருந்துதான் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் சகாயமேரி. அரசு மருத்துவமனையில், பேச்சும் வளர்ச்சியும் பிந்திய குழந்தைகளுக்கான இந்த அறையில், பெற்றோரிடம் கேட்டுக் கேட்டுப் படிவம் நிரப்புகிறவர். எத்தனை அம்மாக்களிடம் கேட்ட கேள்வியோ, தேய்ந்து இரண்டே வார்த்தையாகிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் கணவன் காளீஸ்வரன். பழைய ஸ்கேன், பழைய சீட்டு எல்லாம் வைத்த பையை மார்போடு பிடித்திருந்தான்.

தரையில் தன்ஷிகா. மூன்று வயது. ஒரு டப்பா மூடியைச் சுழற்றிவிட்டு, அது ஓயும்வரை பார்ப்பாள். மறுபடி சுழற்றுவாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அம்மா என்று இன்னும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அழுகை இருந்ததா.

என்றைக்காவது யாராவது இதைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடலாம். பொய்யை நம்பிப் பிள்ளைக்குத் தப்பான வைத்தியம் பார்த்துவிட்டால்?

“இருந்துச்சு மேடம். ஏழாம் மாசம்.”

சகாயமேரியின் பேனா நின்றது.

ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

ஏழாம் மாதத்தில் அவளுடைய அப்பா இறந்துபோனார். கடை திறக்கப் போனவர், ஷட்டரைப் பாதி தூக்கியபடியே சரிந்துவிட்டார். பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று இவளைப் புகுந்த வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அழவும் கூடாதாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். மாப்பிள்ளை முறைக்குக் காளீஸ்வரன் போனான், வந்தான், குளித்தான், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பா என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். தட்டில் இருந்த மீனில் முள் எடுத்துக்கூட வைத்தார்கள்.

அவள் குளியலறையில் அழுதாள்.

நல்ல மத்தியானத்தில், குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழிய.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தினமும்.

தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. வயிற்றுக்குள் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும். இவள் அழ அழ, பிள்ளை உள்ளே புரள்வாள். பிறகு அப்படியே அடங்கிவிடுவாள். காது கொடுத்துக் கேட்கிறாள் என்றுதான் அப்போது இவள் நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இந்த உலகத்துச் சத்தம் இவ்வளவுதானா என்று பிள்ளை அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

ஒரு கனவு வரும். தன்ஷிகா பேசுவதற்கு வாய் திறக்கிறாள். தண்ணீர் விழுகிற சத்தம்தான் வருகிறது. அதுகூடக் கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

“என்னாலதான் மேடம்.”

சகாயமேரி பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

பிறந்தவுடன் குழந்தையின் அழுகை: உண்டு / இல்லை.

கேள்வியில் பாதியை நான்தான் விழுங்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேட்டது உங்கள் அழுகையை இல்லை, பாப்பாவின் அழுகையை என்றார்.

பாப்பாவா? அழுதாளே. பிறந்ததும் ஆஸ்பத்திரியையே கூட்டிவிட்டாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

சகாயமேரி ‘உண்டு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்.

அவ்வளவுதானா?

மூன்று வருடம் சுமந்தது. இரண்டு வார்த்தையில் அவிழ்ந்து, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கையில் கிடந்தது.

“நான் அழுததுக்கு இதுல இடமே இல்லையா மேடம்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நிம்மதியாக எழுந்து போயிருப்பாள். சகாயமேரிக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தாளைத் திருப்பினார். இன்னதால்தான் இப்படி ஆனது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது, எத்தனையோ விஷயம் ஒன்றுசேர்ந்து வருவது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பின்பக்கத்தில் ஒரு வரியைத் தேடிப் பிடித்தார்.

“வயித்துல பிள்ளை இருக்கையில வீட்டுல சாவு எதுவும் நடந்துச்சான்னு கேப்போம்மா. நீங்க அழுதீங்களான்னு கேக்க மாட்டோம். அப்போ உங்ககூட யாரு இருந்தாங்கன்னுதான் கேப்போம்.”

கூட யார் இருந்தார்கள்.

அவள் யோசித்தாள். வீடு நிறைய ஆட்கள். மாமனார், மாமியார், நாத்தனார், தினமும் வந்துபோன பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொரு முகமாக வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனது.

யாரைச் சொல்வது என்று தெரியவில்லை.

“யாரும் இல்லீங்க.”

காளீஸ்வரன்தான். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான். சகாயமேரியைப் பார்த்துச் சொல்லவில்லை, மடியில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னான்.

“தெனமும் பாத்ரூம் கதவுக்கு வெளியதான் நின்னேன். தட்டல.”