ஜாக்கெட் தேவசகாயம்

“ஜாக்கெட்டு வந்துட்டாருப்பா, நாற்காலி போடுங்க” என்றான் ஐசக். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தேவசகாயம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோரம் தரையிலேயே உட்கார்ந்தான். ஐசக்கின் அண்ணன் ஞானசீலனும் அவனும் ஒரே சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்கள். எழுபத்தெட்டில் கப்பல் புயலில் கவிழ்ந்து ஞானசீலன் கடலோடு போனான். தேவசகாயம் மிதவை ஜாக்கெட்டோடு கரை ஒதுங்கி, இப்போது ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் கழுவுகிறான். அங்கேயும் அவனுக்கு அந்தப் பெயர்தான்.

நினைவு ஜெபம் முடிந்ததும் போதகர் வழக்கம்போல அவன் பக்கம் திரும்பினார். “நடந்ததைச் சொல்லுப்பா.”

“கப்பல் சாயுறப்ப எங்கிட்ட ஜாக்கெட் இல்லீங்க. ஞானசீலன் தன்னோடதைக் கழட்டி எனக்கு மாட்டிவுட்டான். நீ போடான்னான்.”

“அவன் குடுத்தான், நீ வெக்கமில்லாம வாங்கிக்கின” என்றான் ஐசக். “எங்கண்ணன் போட்ட பிச்சை உன் உசுரு.”

எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள் ஞானசீலனின் மனைவி பொன்மலர். அவள் உதட்டில் ஓர் இளக்காரம் நெளிந்தது. அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு தேவசகாயம் தலையைக் குனிந்தான். ஊர் பேசுவது அவனுக்கு மரத்துப்போயிருந்தது. அவள் பார்வைதான் ஒவ்வொரு வருடமும் சுட்டது.

பந்தி போட்டார்கள். “அவனுக்கு இலை போடாதீங்க, எங்கண்ணன் ஆயுசையே தின்னவன்” என்றான் ஐசக். மறுபடியும் சிரிப்பு. தேவசகாயம் எழுந்து நடந்தான்.

தெருமுனையில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். பொன்மலர் நின்றாள், கையில் பிரியாணித் தூக்கு.

“திட்டணும்னா திட்டிடும்மா” என்றான்.

“உங்கள இன்னாத்துக்குத் திட்டப் போறேன்? நான் முழுகாம இருந்தப்ப என் தட்டுல கெடந்த கறிய எடுத்துத் தின்ன மனுசன் அவரு. ஜொரத்துல கெடந்த கொழந்த மேல இருந்து போர்வைய உருவிப் போத்திக்கினு தூங்குனவரு. அவரு ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்தாராக்கும்?”

தேவசகாயம் நிமிரவில்லை.

அவள் தூக்கை அவன் கையில் திணித்தாள்.

“உங்களோடதைப் புடுங்க வந்துதானண்ணா அவரு செத்தாரு?”